பனிக்காலத்துக்குக் காரைத் தயார் செய்வது: பேட்டரியிலிருந்து போர்வை வரை

இரவில் மைனஸ் 15, மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும் ஊருக்குக் குடிபோகிறீர்கள். கையில் இருப்பது ஐந்து வருடம் ஓடிய பெட்ரோல் கார், பனியில் ஓட்டிப் பழக்கம் இல்லை. வண்டியில் என்னென்ன பார்க்க வேண்டும், அவசரத்துக்கு என்ன வைத்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பேட்டரி, டயர், முன்கண்ணாடி ஆகிய மூன்றையும் முதலில் முடித்துவிடுங்கள். பனிக்காலத்தில் வண்டி காலை வாருவது பெரும்பாலும் இவற்றில் ஒன்றால்தான். அவசரச் சாமான்கள் விஷயத்தில் பலரும் வண்டியைப் பனியிலிருந்து மீட்கும் பொருட்களையே வாங்கிக் குவிக்கிறார்கள். அவையும் வேண்டும்தான். ஆனால் உயிரைக் காப்பது, நகர முடியாமல் நின்றுபோன காருக்குள் ஒரு முழு இரவைக் கழிக்க உதவும் பொருட்கள். அதற்கே முதலிடம் கொடுங்கள்.

பேட்டரியிலிருந்து தொடங்குவோம். உள்ளே நடப்பது வேதிவினை. குளிர ஆரம்பித்தால் அது மந்தமாகும். மைனஸ் 18 டிகிரியில் ஈய-அமில பேட்டரியின் திறன் ஏறக்குறையப் பாதியாகிவிடும். அதே குளிரில் இன்ஜின் ஆயில் கெட்டிப்படுவதால், இன்ஜினைச் சுழற்ற ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட அதிக மின்னோட்டம் கேட்கும். கொடுக்கும் கை இளைக்கும்போதுதான் கேட்கும் கை நீளுகிறது. பேட்டரியை உள்ளுக்குள் தேய்ப்பது பெரும்பாலும் கோடை வெயில். அந்தத் தேய்மானம் அப்போது தெரியாது, முதல் கடுங்குளிரில்தான் வெளியே வரும். 'நேற்று வரை நன்றாக இருந்ததே' என்று எல்லோரும் சொல்வது அதனால்தான்.

சோதித்துப் பார்க்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். வண்டியை இரவு முழுக்க நிறுத்திவைத்து, காலையில் கதவைத் திறந்து விளக்கு எரிவதற்கு முன்பே பார்க்க முடிந்தால் நல்லது. 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.7 வரை காட்டினால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம். அடுத்தது முக்கியம்: ஒருவர் ஸ்டார்ட் செய்ய, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். செல்ஃப் எடுக்கும் அந்த ஓரிரு நொடியில் அளவு 9.6 வோல்டுக்குக் கீழே போனால் பேட்டரி நலிந்துவிட்டது என்று அர்த்தம். நின்றிருக்கும்போது 12.6 காட்டும் பேட்டரிகூட இந்தச் சோதனையில் சரியலாம். ஆகவே முதல் அளவை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள். கடையில் பேட்டரிக்குச் சுமை கொடுத்துப் பார்க்கும் லோடு டெஸ்ட் செய்தால் இன்னும் தெளிவாகும்.

உங்கள் கார் ஐந்து வருடம் ஓடியது. பேட்டரியும் முதலிலிருந்தே அதேதான் என்றால், சோதனையில் சுமாராகத் தேறினாலும் மாற்றிவிடச் சொல்வேன். வாங்கும்போது அதன் மேல் எழுதியிருக்கும் சிசிஏ (குளிரில் ஸ்டார்ட் செய்யும் திறன்) எண்ணைப் பாருங்கள். மைனஸ் 18 டிகிரியில் 30 நொடி நேரம், 7.2 வோல்டுக்குக் கீழே இறங்காமல் எத்தனை ஆம்பியர் தர முடியும் என்பதே அந்த எண். காரின் கையேட்டில் சொன்னதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கட்டும். சிக்னலில் தானாக இன்ஜின் அணைந்து மீண்டும் எடுக்கும் வகை கார் என்றால், ஏஜிஎம் அல்லது இஎஃப்பி என்று முதலில் எந்த வகை இருந்ததோ அதே வகையைத்தான் போட வேண்டும். சாதா பேட்டரி அதில் சீக்கிரம் செத்துவிடும்.

டெர்மினலில் வெள்ளை அல்லது பச்சைப் பூப்பு இருந்தால், தண்ணீரில் கரைத்த சமையல் சோடாவை ஊற்றிக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துடையுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். மாட்டியபின் கையால் அசைத்துப் பாருங்கள், துளிகூட ஆடக் கூடாது. மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் மறுபடி பூக்காது.

தினமும் ஐந்து, பத்து நிமிடம் மட்டும் ஓட்டுவீர்கள் என்றால், ஸ்டார்ட் செய்யச் செலவான சார்ஜ் திரும்ப ஏறுவதற்குள் வண்டி நின்றுவிடும். ஹீட்டர் விசிறி, பின்கண்ணாடிச் சூடு, இருக்கைச் சூடு எல்லாம் ஒன்றாக ஓடினால் இன்னும் மோசம். வாரம் ஒருமுறை நீண்ட ஓட்டம் கொடுங்கள், அல்லது வீட்டில், சார்ஜ் குறையாமல் பார்த்துக்கொள்ளும் மெயின்டெய்னர் சார்ஜரை மாட்டுங்கள். முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி மைனஸ் 50இல்கூட உறையாது. தீர்ந்துபோன பேட்டரியின் உள்நீரோ மைனஸ் 10ஐ எட்டுவதற்குள்ளேயே உறைந்துவிடும். பெட்டி உப்பியோ விரிசல் விட்டோ இருந்தால் அதற்கு ஜம்ப் (வேறொரு வண்டியின் பேட்டரியோடு கேபிளால் இணைத்து ஸ்டார்ட் செய்வது) கொடுக்கவே கூடாது. வெடிக்கும்.

அடுத்தது டயர். பனிக்கால டயர் பனி விழுந்த நாளுக்கு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் பலர். வெறும் ரோட்டிலேயே ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடை டயரின் ரப்பர் விறைத்துப் பிடியை இழக்க ஆரம்பிக்கும். பனிக்கால டயரின் ரப்பர் கலவை அந்தக் குளிரிலும் இளக்கமாக இருக்கும். அதன் பட்டன்களில் உள்ள நுண்ணிய கீறல்கள் பனியைக் கவ்விப் பிடிக்கும். பக்கவாட்டில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் பனிப்பூவும் போட்ட சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். பனியில் சோதித்துத் தேறிய டயருக்கே அது கிடைக்கும். 'எம்+எஸ்' என்ற எழுத்து மட்டும் இருந்தால் போதாது. அது சோதனை இல்லாமல் தயாரிப்பாளரே போட்டுக்கொள்வது.

நான்கையும் மாற்றுங்கள். முன்சக்கரத்தால் இழுக்கும் காரில் முன்னே இரண்டு மட்டும் போட்டால், வண்டி நன்றாகக் கிளம்பும். வளைவில் பிரேக் மிதித்தால் பின்பக்கம் பக்கவாட்டில் வீசும். நால்சக்கர இயக்கம் இருக்கிறதே என்ற தைரியமும் வேண்டாம். கிளம்புவதற்குத்தான் அது உதவும், நிறுத்துவது டயர்தான்.

டயர் பட்டன் ஆழம் 4 மி.மீ.க்குக் கீழே வந்தால் பனியில் பிடி வேகமாகக் குறையும். பல நாடுகளின் சட்டம் 1.6 மி.மீ. வரை அனுமதிக்கிறது, ஆனால் பனி அந்தச் சட்டத்தைப் பார்ப்பதில்லை. பழைய டயர் வாங்கினால் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்: 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. காற்றழுத்தம் வெப்பநிலை 5.5 டிகிரி இறங்கினால் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். 25 டிகிரி இருந்த நாளில் நிரப்பிய டயர் மைனஸ் 15இல் 6, 7 பிஎஸ்ஐ இழந்திருக்கும், பஞ்சர் எதுவும் இல்லாமலே. வண்டி ஓடாமல் குளிர்ந்து நிற்கும்போது அளந்து, கையேட்டில் சொன்ன அளவுக்கு நிரப்புங்கள். பிடி கிடைக்கும் என்று சாலையில் காற்றைக் குறைத்து ஓட்டாதீர்கள். ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம்.

மலைப்பாதை உங்கள் வழியில் இருந்தால், பனியில் பிடிக்காக டயர் மேல் மாட்டும் சங்கிலி தேவைப்படலாம். முதலில் கையேட்டைப் பாருங்கள். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடைவெளி குறைந்த சில கார்களில் சங்கிலி போடக் கூடாது, துணியாலான டயர் உறைதான் போடலாம். சங்கிலி போடுவது இயங்கும் சக்கரங்களில். அதாவது முன்சக்கர இயக்கம் என்றால் முன்னே. தரையில் விரித்து முறுக்கு எடுத்து, கொக்கிகளின் கூர்முனை டயரைப் பார்க்காமல் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும்படி மேலே போர்த்துங்கள். உட்பக்கக் கொக்கியை முதலில் மாட்டி, பிறகு வெளிப்பக்கத்தை மாட்டி இறுக்குங்கள். நூறு, இருநூறு மீட்டர் மெதுவாக ஓட்டி, நிறுத்தி, மறுபடி இறுக்குங்கள். முதல் இறுக்கத்தோடு விட்டால் சங்கிலி தளர்ந்து பிரேக் குழாயை அடிக்கும். 50 கி.மீ. வேகத்தைத் தாண்டாதீர்கள், வெறும் தார் வந்ததும் கழற்றிவிடுங்கள். இதையெல்லாம் வீட்டு வாசலில், பகல் வெளிச்சத்தில், கையுறை போட்டபடி ஒருமுறை செய்து பாருங்கள். இருட்டில், சாலையோரத்தில், மரத்துப்போன விரலோடு முதல்முறை கற்றுக்கொள்ளும் வேலை இல்லை இது.

கண்ணாடிக்கு வருவோம். வைப்பர் தண்ணீர்த் தொட்டியில் இப்போது வெறும் தண்ணீரோ கோடைத் திரவமோ இருந்தால் அது உறைந்து தொட்டியையும் பம்பையும் உடைக்கும். தீரும் வரை பீய்ச்சிவிட்டு, உங்கள் ஊரின் குளிரைவிடப் பத்து டிகிரியாவது கீழே தாங்கும் திரவத்தை நிரப்புங்கள். பிறகு புதுத் திரவம் முனை வரை வந்து சேரும்படி மறுபடி பீய்ச்சுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், பழைய தண்ணீர் குழாயில் தங்கி அடைத்துக்கொள்ளும். உப்புக் கரைசல் தெளித்த சாலையில் முன்னே போகும் லாரி வாரியடிக்கும் சேறு ஒரு நிமிடத்தில் கண்ணாடியை மறைத்துவிடும். அப்போது திரவம் வரவில்லையென்றால் குருட்டு ஓட்டம்தான். அதனால் வண்டியில் கூடுதலாக ஒரு கேன் இருக்கட்டும்.

உறைந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். பிளாஸ்டிக் சுரண்டியும் பனிகரைப்பித் தெளிப்பும் போதும். இன்ஜினை அணைக்கும் முன் வைப்பரை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் சாவி திருப்பியதும், கண்ணாடியோடு ஒட்டிப்போன வைப்பரை மோட்டார் இழுத்துப் பார்க்கும். ஃபியூஸோ மோட்டாரோ போகும். உள்பக்க ஆவி மறைய, சூட்டோடு ஏசியையும் போடுங்கள், காற்றை உலர்த்துவது ஏசிதான். உள்காற்றையே சுழற்றும் பட்டனை அணைத்து வெளிக்காற்றை விடுங்கள். காலணியில் ஒட்டிய பனியை உதறிவிட்டு ஏறினால் பாதி ஆவி குறையும்.

கிளம்பும் முன் கண்ணாடியில் ஒரு ஓட்டை மட்டும் சுரண்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் பதறுகிறது. கூரைப் பனியையும் தள்ளிவிடுங்கள். பிரேக் பிடித்த நொடியில் அது மொத்தமாக முன்கண்ணாடியில் சரியும். எல்இடி விளக்கு முன்பக்கம் சூடாகாததால் அதன் மேல் படிந்த பனி தானாக உருகாது, கையால் துடைக்க வேண்டும்.

திரவங்களில், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் முக்கியம். எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். கோடையில் வெறும் தண்ணீர் ஊற்றி நிரப்பி வந்திருந்தால் கலவை நீர்த்து, உறைந்து, ரேடியேட்டரையோ இன்ஜின் பிளாக்கையோ பிளக்கும். 'கூடுதலாக ஊற்றினால் கூடுதல் பாதுகாப்பு' என்பதும் தவறு. கலப்பில்லாத எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13ஐ ஒட்டியே உறைந்துவிடும். கலவையை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவி நம்பகமானது, மெக்கானிக்கிடம் இருக்கும். நிறத்தைப் பார்த்து வகையை முடிவு செய்யாதீர்கள், கையேட்டில் எழுதியிருக்கும் தர எண்ணைப் பாருங்கள். சூடான இன்ஜினில் மூடியைத் திறக்காதீர்கள். சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள். இனிப்பாக இருப்பதால் குழந்தைகளும் நாய், பூனைகளும் நக்கும், கொஞ்சமே கொடிய விஷம்.

ஆயிலில் 'டபிள்யூ' என்ற எழுத்துக்கு முன் உள்ள எண்தான் குளிருக்கானது. 10டபிள்யூ ஆயிலைவிட 5டபிள்யூ, அதைவிட 0டபிள்யூ குளிரில் இளகி ஓடும். கையேடு அனுமதிக்கும் வகைகளில் சிறிய எண்ணைத் தேர்ந்தெடுங்கள். மைனஸ் 20க்குக் கீழே அடிக்கடி போகும் இடமென்றால் நிற்கும் இன்ஜினை வீட்டு மின்சாரத்தால் சூடாக்கும் பிளாக் ஹீட்டர் பொருத்திக்கொள்வது நல்லது, கிளம்புவதற்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம் முன் மாட்டினால் போதும். உங்களுடையது பெட்ரோல் வண்டி. டீசல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: குளிரில் தேங்காய் எண்ணெய் உறைவதுபோல டீசலில் உள்ள மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கும். பனிக்கால டீசலை நிரப்புங்கள், சேர்க்கை திரவம் ஊற்றுவதானால் திரள்வதற்கு முன்பே ஊற்றுங்கள். திரண்ட பின் ஊற்றிப் பயனில்லை.

கதவு ரப்பரில் சிலிக்கான் தடவினால் கதவு ஒட்டாது. ஈரமான வண்டியை இரவு நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போட்டால் அது உறைந்து பிடித்துக்கொள்ளலாம். சமதளமானால் கியரில் விட்டுச் சக்கரத்துக்கு அடை கொடுங்கள்.

மின்சாரக் கார் வைத்திருக்கும் நண்பர் யாராவது கூட வந்தால், அவர்களிடம் சொல்ல இரண்டு: சார்ஜரில் மாட்டியிருக்கும்போதே காரைச் சூடாக்குங்கள். அதிலும் 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு, அது செத்தாலும் கார் எழாது.

இனி அவசரச் சாமான்கள். 2022 ஜனவரி 3 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஐ-95 நெடுஞ்சாலையில் பனிப்புயலில் மாட்டியவர்கள் பலர் ஒரு நாளுக்கு மேல் காருக்குள்ளேயே இருந்தார்கள். அது ஊர்களுக்கு நடுவே ஓடும் பெருஞ்சாலை. அதே வாரத்தில் பாகிஸ்தானின் மரீ என்ற மலையூரில் பனியில் புதைந்த கார்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்டோர் குளிராலும், இன்ஜின் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடாலும் இறந்தார்கள். இந்த இரண்டு நிகழ்வும்தான் பட்டியலைத் தீர்மானிக்க வேண்டும்.

ஆளுக்கொரு கம்பளி அல்லது தூங்கும் பை, அதோடு வெப்பம் திருப்பும் பளபளப்புத் தாள், உலர்ந்த சாக்ஸ், இரண்டு ஜோடி கையுறை, தொப்பி. ஒரு ஜோடி கையுறை நனைந்தே தீரும், அதனால்தான் இரண்டு. தண்ணீர் பாட்டிலை முக்கால்வாசி மட்டும் நிரப்புங்கள், உறைந்து விரிந்தால் உடையாது. உடனே சாப்பிடக்கூடிய, உறைந்தாலும் கடிக்க முடிகிற உணவு. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை. தலையில் மாட்டும் விளக்கு: அதில் சாதாரண ஆல்கலைன் பேட்டரி குளிரில் மங்கிவிடும், லித்தியம் வகை மைனஸ் 40இலும் எரியும். பவர் பேங்க் காரிலேயே இருக்கட்டும் என்று விடாதீர்கள், வீட்டுக்குள் கொண்டுபோய் மறுபடி எடுத்து வாருங்கள். மெழுகுவர்த்தி, கேஸ் அடுப்பு எதையும் காருக்குள் கொளுத்த வேண்டாம். அது தரும் சூட்டைவிட தீயும் நச்சுக்காற்றும் பெரிய ஆபத்து.

வண்டிக்கானவை: மடக்கு மண்வாரி, ஐந்தாறு கிலோ மணல், கனமான ஜம்பர் கேபிள், இழுவைக் கயிறு, பம்பரில் திருகி மாட்டும் இழுவைக் கொக்கி, எச்சரிக்கை முக்கோணம், பளிச்சென்ற சட்டை. தனிச் சாவியால் மட்டும் கழலும் லாக் நட் உள்ள சக்கரம் என்றால் அதன் சாவி எங்கே இருக்கிறது என்று இன்றே தேடுங்கள். மண்வாரி, போர்வை, கையுறை, சுரண்டி ஆகியவற்றை டிக்கியில் போடாதீர்கள். உறைந்த டிக்கியைத் திறக்க மண்வாரி தேவைப்படும்போது அது டிக்கிக்குள் இருந்தால் என்ன பயன்? பின் இருக்கைக்குக் கீழே வையுங்கள்.

ஜம்ப் கொடுக்கும் வரிசை: சிவப்பை முதலில் செத்த பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனையை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பை நல்ல பேட்டரியின் நெகட்டிவில், கடைசி முனையைச் செத்த காரின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசி இணைப்பில் தீப்பொறி பறக்கும், பேட்டரி அருகே அது ஹைட்ரஜன் வாயுவைப் பற்றவைக்கக் கூடும். நல்ல வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள், கழற்றுவது நேர்த் தலைகீழாக.

சக்கரம் புதைந்தால் ஆக்ஸிலரேட்டரை மிதித்துச் சுழற்றாதீர்கள். உராய்வுச் சூட்டில் பனி உருகி மீண்டும் உறைந்து கண்ணாடித் தளமாகிவிடும். ஸ்டீரிங்கை நேராக்கி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும், வண்டிக்கு அடியிலும் பனியை வாருங்கள். மணலைத் தூவி, இரண்டாம் கியரில் மெல்ல எடுங்கள். சக்கரம் வழுக்குவதைத் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் சக்தியைக் குறைப்பதால் இதற்கு மட்டும் அதை அணைக்கலாம்.

முற்றிலும் மாட்டிக்கொண்டால் காரைவிட்டு நடக்காதீர்கள். பனிப்புயலில் ஒரு வீட்டை எதிரே பார்த்தாலும் தூரத்தைத் தவறாகக் கணிப்போம், தேடி வருபவர்களுக்கும் மனிதனைவிடக் கார்தான் கண்ணில் படும். முதல் வேலை, இறங்கிப் போய் சைலன்சர் குழாயைச் சுற்றிப் பனியை வாருவது. குழாய் மூடினால் புகை அடியில் தேங்கி உள்ளே புகும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை, தலைவலி, குமட்டல், தூக்கம் வந்தால் உடனே இன்ஜினை அணைத்துக் கதவைத் திறங்கள். ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம் மட்டும் இன்ஜினை ஓட்டுங்கள். காற்று அடிக்காத பக்கத்துச் சன்னலை ஒரு விரல் அகலம் திறந்து வையுங்கள். ஒவ்வொரு முறை ஓட்டும் முன்பும் குழாயை மறுபடி பாருங்கள், பெய்யும் பனி அதை மூடியிருக்கும். சும்மா ஓடும் சிறிய பெட்ரோல் இன்ஜின் மணிக்கு ஒரு லிட்டரை ஒட்டித்தான் எடுக்கும். இப்படி ஓட்டினால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு இரண்டு லிட்டர் போதும். ஆகவே டேங்க் பாதிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் எரிபொருள் கவலை இருக்காது. பனியை அப்படியே வாயில் போடாதீர்கள், உருக்கிக் குடியுங்கள். வெறும் பனி உடல் சூட்டை எடுத்துவிடும்.

கிளம்பும் முன் எந்தச் சாலை, எப்போது சேருவேன் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். டயரும் பேட்டரியும் மாற்ற முதல் பனி விழுந்த அன்று கடையில் வரிசை நிற்கும். இரவு வெப்பநிலை 7 டிகிரியைத் தொடத் தொடங்கும் வாரத்திலேயே இவற்றை முடித்துவிடுங்கள்.